தவணை தொடங்கிய கையோடு கல்லூரியை விட்டு விலகினால் அமெரிக்க நிதியுதவிக்கு என்ன நடக்கும்? யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை. கோண்டாவிலில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு விறாந்தைக் கதிரையில் வந்து அமர்ந்த நேரம் நியூ ஜேர்சியிலிருந்து மருமகள், என் தங்கையின் மகள், வட்ஸ்அப்பில் அழைத்தாள். இங்கே ஏழு மணி, அங்கே காலை ஒன்பதரை. என் தங்கைக்குச் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பிள்ளை ஒன்பது நாட்களாக வகுப்புக்குப் போகவில்லை.

"மாமா, நான் இந்தத் தவணையை விட்டுவிடப் போகிறேன். விட்டால் கடனும் நின்றுவிடும்தானே?"

முப்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரங்கள் ஒற்றை ரூல் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்தேன். நம் ஊரில் அமெரிக்காவில் பிள்ளையோ மருமகளோ பேரனோ இல்லாத ஒழுங்கை குறைவு. இதே கேள்வி இன்னொரு வீட்டிலும் எழும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நமக்குக் கல்லூரி என்றால் பாடசாலை. இங்கே நான் கல்லூரி என்று எழுதுவது உயர்தரத்துக்குப் பிறகு படிக்கும் பட்டப்படிப்பு நிறுவனத்தை.

இது யாருக்குப் பொருந்தும்?

அமெரிக்கச் சமஷ்டி அரசின் மாணவர் நிதியுதவி அந்நாட்டுக் குடிமக்களுக்கும், கிறீன் கார்ட் எனப்படும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும், அகதியாக ஏற்கப்பட்டவர்கள் போன்ற இன்னும் சில வகையினருக்கும் உரியது. ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை நிரப்பி அதைப் பெறுகிறார்கள். இங்கிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்கு இந்த உதவி கிடையாது. அவர்களுக்கான பகுதியைப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன். அவசரமானால் நேரே அங்கே போங்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பணத்தைவிட விசாதான் முதல் ஆபத்து.

முதலாம் படி: அந்தப் பணம் எப்போது உங்களுடையதாகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

மகாபொல மாதக் கணக்கில் வருகிற உதவி. படிப்பை நிறுத்தினால் அடுத்த மாதக் காசு வராது, அவ்வளவுதான். அமெரிக்க உதவி அப்படியல்ல. ஒரு தவணைக்கு உரிய முழுத் தொகையும் பெரும்பாலும் தவணைத் தொடக்கத்திலேயே கல்லூரிக் கணக்குக்கு வந்துவிடும். கல்லூரி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடும். பிள்ளை அந்த மிச்சத்தில் புத்தகம் வாங்கும், மடிக்கணினி வாங்கும், பஸ் பாஸ் எடுக்கும்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பணம் முன்பணம். தவணையில் எத்தனை நாள் படித்தீர்களோ அத்தனை நாளுக்குரிய பங்குதான் உங்களுடையது. தவணையின் 60 வீதத்தைத் தாண்டிவிட்டால் முழுவதும் உங்களுடையது. அதற்கு முன்னால் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், படிக்காத நாட்களுக்குரிய பங்கு அரசுக்குத் திரும்பிப் போக வேண்டும். 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் தலைப்பின் கீழ் வரும் விதி இது. எந்த மாநிலத்துக் கல்லூரியானாலும் இதே கணக்குத்தான்.

விலகுவதற்கான காரணம் இந்தக் கணக்கை மாற்றாது. தாய்க்கு நோய் என்றாலும், பிள்ளைக்கு மனம் சோர்ந்துவிட்டது என்றாலும், வேலை கிடைத்துவிட்டது என்றாலும் பெருக்கலும் கழித்தலும் ஒன்றே. காரணம் பிறகு வேறோர் இடத்தில் உதவும், அதைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாம் படி: இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

எங்கள் வீட்டில் விழுந்த அடி இங்கேதான் விழுந்தது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அரசின் உதவி நாள் கணக்கில் மெல்ல மெல்ல உங்களுடையதாகிறது. கல்லூரிக் கட்டணம் திரும்பக் கிடைப்பதற்கோ கல்லூரி தானே வகுத்த தனி அட்டவணை இருக்கிறது. முதல் வாரத்தில் விலகினால் முழுவதும், அடுத்த வாரங்களில் பாதி, கால் என்று படிப்படியாகக் குறைந்து, பல இடங்களில் நான்காவது ஐந்தாவது வாரத்தோடு ஒரு சதமும் இல்லை என்று ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. அதனால் ஐந்தாவது வாரத்தில் விலகும் பிள்ளைக்கு உதவியின் பெரும்பகுதி அரசுக்குத் திரும்பிவிடும், கட்டணமோ முழுவதும் அப்படியே நிற்கும். இடைவெளியைக் கட்ட வேண்டியது பிள்ளை.

என் மருமகள் விலகுவதா இல்லையா என்று யோசித்த அந்த ஒன்பது நாட்களுக்குள்ளேதான் கால் பங்கு கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் திகதி கடந்து போனது. அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு வெட்கம்.

ஆகவே பிள்ளை "யோசிக்கிறேன்" என்று சொன்ன அன்றைக்கே, கல்லூரியின் கல்வி நாட்காட்டியிலிருந்து மூன்று திகதிகளை எடுத்து எழுதச் சொல்லுங்கள்: கட்டணம் முழுதாகத் திரும்பும் கடைசி நாள், பகுதியாகத் திரும்பும் ஒவ்வொரு நாளும், 60 வீதம் தாண்டும் நாள். மூன்றாவதைப் பெரும்பாலும் நிதியுதவி அலுவலகத்திடம் கேட்டுத்தான் அறியலாம். அல்லது நாமே எண்ணலாம்.

மூன்றாம் படி: கணக்கைச் செய்து பாருங்கள்

மருமகளின் கணக்கைத்தான் தருகிறேன். விளங்குவதற்காகத் தொகைகளைச் சற்று நேராக்கியிருக்கிறேன்.

தவணை 2025 ஓகஸ்ட் 25இல் தொடங்கி டிசெம்பர் 12இல் முடிகிறது என்று வைப்போம். சனி ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 110 நாட்கள். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ வரும் விடுமுறையைக் கழிக்க வேண்டும். நவம்பர் 26 புதன் முதல் 30 ஞாயிறு வரை நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை ஐந்து நாட்கள். மிச்சம் 105. செப்டெம்பர் 25இல் விலகினால் முடிந்த நாட்கள் 32. 32ஐ 105ஆல் வகுத்தால் 30.5 வீதம். இந்தத் தவணையில் 60 வீதத்தைத் தாண்டும் முதல் நாள் 64ஆவது நாள், அதாவது ஒக்டோபர் 27.

அவளுக்குக் கிடைத்த உதவி: திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் மானியம் 3,650 டொலர். வட்டிச் சலுகையுள்ள நேரடிக் கடன் 1,750. சலுகையில்லாத நேரடிக் கடன் 1,000. மொத்தம் 6,400. கல்லூரிக் கட்டணம் 5,200. மிச்சம் 1,200 அவள் கைக்கு வந்து செலவாகிவிட்டது. வீட்டிலிருந்தே போய் வந்ததால் விடுதிக் கட்டணம் இல்லை.

6,400இல் 30.5 வீதம், அதாவது 1,952 டொலர் அவளுடையது. எஞ்சிய 4,448 அவளுடையதல்ல.

அதில் கல்லூரி திருப்ப வேண்டிய பங்கு: கட்டணம் 5,200இல் 69.5 வீதம், 3,614 டொலர். 4,448, 3,614 ஆகிய இந்த இரண்டு தொகைகளில் சிறியதைக் கல்லூரி திருப்பும். திருப்புவதற்கும் வரிசை உண்டு. முதலில் சலுகையில்லாத கடன், அடுத்து சலுகைக் கடன், பெற்றோர் எடுத்த கடன் இருந்தால் அதன்பின் அது, பிறகே பெல் மானியம். ஆக 1,000, 1,750 என்று கடன் இரண்டும் முழுதாகக் கழிந்து, மிச்சம் 864 மானியத்துக்குப் போகும்.

எஞ்சும் 834 டொலர் பிள்ளையின் பங்கு. கடன் எல்லாம் கழிந்துவிட்டதால் இது மானியத்தில் விழுகிறது. இங்கே சட்டம் ஒரு இரக்கம் காட்டுகிறது: பெற்ற மானியத்தின் பாதியைத் தாண்டும் தொகையை மட்டுமே மாணவர் திருப்ப வேண்டும். பாதி 1,825. 834 அதைவிடக் குறைவு. ஆகவே அரசுக்கு அவள் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை.

இந்த வரிக்கு வந்ததும் தொலைபேசியின் மறுபக்கத்தில் அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் கொப்பியில் ஒரு கோடு இழுத்தேன். பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தோம். கல்லூரி அரசுக்குத் திருப்பிய 3,614 டொலர் அவளுடைய கட்டணத்துக்காக வந்த காசு. கட்டணம் திரும்பும் திகதி கடந்துவிட்டதால் அந்தத் தொகை முழுவதும் அவள் பெயரில் கல்லூரிக்குச் செலுத்தாத பாக்கியாக நின்றது. டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே பத்து இலட்சத்து எண்பத்து நாலாயிரம்.

அவள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கடன் நின்றது உண்மை. ஆனால் படிப்பை விட்டு ஆறு மாதம் கழித்து, வருமானத்துக்கு ஏற்பச் சிறுகச் சிறுகக் கட்டக்கூடிய அரசுக் கடன் போய், உடனே கட்டு என்று நிற்கும் கல்லூரிப் பாக்கி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு பத்து நாள் முன்பு விலகியிருந்தால் கட்டணத்தில் கால் பங்கான 1,300 குறைந்திருக்கும்; அரசுக்குத் திரும்பும் தொகை சற்றுக் கூடினாலும் பாக்கி இதைவிடக் குறைவாக இருந்திருக்கும்.

நான்காம் படி: விலகாமல் சமாளிக்க வழி உண்டா?

மேலே சொன்ன திருப்பல் கணக்கு எல்லாப் பாடங்களையும் விட்டால்தான் வரும். நான்கு பாடத்தில் இரண்டை விட்டு இரண்டைத் தொடர்ந்தால் அந்தக் கணக்கே எழாது. பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் தொடக்க நாட்களுக்குள் விட்டால் பெல் மானியம் குறைக்கப்படலாம். ஆனால் ஆறு அலகுகள் (கிரெடிட்), அதாவது அரைநேரப் படிப்பு, கையில் இருக்கும்வரை நேரடிக் கடனுக்கான தகுதி போகாது, பழைய கடனைக் கட்டத் தொடங்க வேண்டிய கடிகாரமும் ஓடாது. 2026 ஜூலை முதல் முழுநேரத்துக்குக் குறைவாகப் படிப்பவர்களுக்கு ஆண்டுக் கடன் வரம்பும் அதற்கேற்பக் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தவணையின் பிற்பகுதி என்றால் விரிவுரையாளரிடம் முற்றுப்பெறாத பெறுபேறு கேட்டு, மிச்ச வேலையைப் பிறகு செய்து கொடுக்கலாம். நான்காவது வாரத்தில் அது நடக்கிற காரியமில்லை.

"விடுப்பு எடுத்துவிட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். இதில் ஏமாந்துவிட வேண்டாம். அரசு ஏற்கும் விடுப்பு 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் போகக்கூடாது, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே படிப்பைத் தொடரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தவணை முறையில் நடக்கும் கல்லூரிகளில் இது பெரும்பாலும் சாத்தியமில்லை. கல்லூரி விடுப்பு என்று பெயர் வைத்தாலும் நிதியுதவிக் கணக்கில் அது விலகல்தான். "என் விடுப்பு நிதியுதவிக்கும் விடுப்பாகக் கொள்ளப்படுமா?" என்று நேராகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

60 வீத நாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தால், முடிந்தால் அதுவரை வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். உண்மையாகவே வகுப்புக்குப் போக வேண்டும், ஒப்படை கொடுக்க வேண்டும். இணையவழிப் பாடத்தில் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்ததை மட்டும் வருகையாகக் கொள்ளமாட்டார்கள்.

ஐந்தாம் படி: விலகுவதானால் எழுத்தில், அன்றே

வகுப்புக்குப் போகாமல் விட்டுவிடுவது விலகல் ஆகாது. ஒரு பாடத்திலும் சித்தியடையாமல் தவணை முடிந்தால் கல்லூரி பிறகு கிளறிப் பார்க்கும். சொல்லாமல் போனவராகக் கணித்துத் தவணையின் நடுப்புள்ளியையோ, பிள்ளை கடைசியாகக் கலந்துகொண்ட வகுப்பையோ பரீட்சையையோ விலகிய நாளாக எடுக்கும். அப்போது பணமும் போகும், பெறுபேற்றுத் தாளில் சித்தியின்மையும் நிற்கும்.

பெரும்பாலான கல்லூரிகளில் விலகும் எண்ணத்தைப் பிள்ளை உரிய அலுவலகத்துக்கு அறிவித்த நாளே விலகிய நாள். வாயால் சொன்னாலும் அது அறிவித்தலாகலாம். ஆகவே யோசனை கேட்கப் போகும்போது "நான் விலகுகிறேன்" என்று சொல்லாமல், "விலகினால் என்ன ஆகும் என்று அறிய வந்தேன்" என்று சொல்லப் பழக்குங்கள். வருகைப் பதிவு எடுக்கவேண்டிய கட்டாயமுள்ள கல்லூரிகளில் கடைசியாக வகுப்புக்கு வந்த நாள்தான் கணக்கு.

நிதியுதவி அலுவலகத்துக்கு மருமகள் அனுப்பிய மின்னஞ்சலின் கருத்து இது: "இன்ன திகதியில் நான் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், அரசுக்குத் திரும்பும் தொகை எவ்வளவு, அதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு, கல்லூரிக்கு நான் கட்டவேண்டிய பாக்கி எவ்வளவு என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தரவும். மாநில அரசின் மானியத்துக்கும் கல்லூரியின் புலமைப்பரிசிலுக்கும் என்ன நடக்கும் என்பதையும் அறியத்தரவும்." கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். மாநில மானியத்துக்கும் கல்லூரியின் சொந்த உதவிக்கும் வேறு வேறு விதிகள். சில புலமைப்பரிசில்கள் ஒருமுறை கைவிட்டுப் போனால் மீண்டும் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து நீங்களும் கூட இருந்து பேச விரும்பினால் நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி, கோடையில் நமக்கு மாலை ஆறரை, நவம்பருக்குப் பிறகு ஏழரை. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கணக்கைப் பற்றி அலுவலகம் உங்களிடம் தானாக ஒன்றும் சொல்லாது. பிள்ளை எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். பிள்ளையும் ஒரே அழைப்பில் இருப்பது இலகு.

ஆறாம் படி: விலகிய பின் வரும் கடிதங்கள்

விலகியதை அறிந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கல்லூரி தன் பங்கை அரசுக்குத் திருப்பும். பிள்ளை மானியத்தில் ஏதும் திருப்ப வேண்டியிருந்தால் அறிவித்தல் வரும். அதற்கும் 45 நாட்கள். அதற்குள் கட்டவோ தவணை முறையில் கட்ட ஒழுங்கு செய்யவோ வேண்டும். விட்டால் எந்தக் கல்லூரியிலும் மீண்டும் சமஷ்டி உதவி கிடைக்காது. 50 டொலரும் அதற்குக் குறைந்ததுமான மானிய மிகைக்கொடுப்பனவைக் கேட்கமாட்டார்கள்.

கடன் ஏதும் மிஞ்சியிருந்தால் அதை உடனே கட்டச் சொல்லமாட்டார்கள். ஆறு மாத அவகாசம் தொடங்கும். அந்த ஆறு மாதத்துக்குள் அரைநேரமாவது திரும்பச் சேர்ந்தால் அவகாசம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். தவறவிட்டால் அந்தக் கடனுக்கு அவகாசம் தீர்ந்துவிட்டது.

எதிர்மாறாக, உதவி கணக்குக்கு வருமுன்னரே விலகியிருந்தால், படித்த நாட்களுக்கான பங்கு பிள்ளைக்கு வரவேண்டியிருக்கலாம். மானியத்தைக் கட்டணத்துக்கு நேரே கழிப்பார்கள். கடனுக்குப் பிள்ளையின் சம்மதம் கேட்டுக் கடிதம் வரும். கவனியாமல் விட்டால் காலக்கெடு போய்விடும். வகுப்பு தொடங்கவேயில்லை, ஒருநாளும் போகவில்லை என்றால் முழு உதவியும் திரும்பிப் போகும்.

கல்லூரிப் பாக்கிதான் கடுமையானது. கட்டாமல் விட்டால் மறுபதிவைத் தடுப்பார்கள், கடன் அறவிடும் நிறுவனத்திடம் கொடுப்பார்கள். முதலில் நான் சொன்ன காரணம் இங்கேதான் உதவும். பல கல்லூரிகளில் கட்டண மேன்முறையீட்டுக்கு ஒரு குழு இருக்கிறது. மருமகள் வைத்தியசாலைக் கடிதத்தையும் சத்திரசிகிச்சைத் திகதியையும் வைத்து ஒரு பக்கத்தில் எழுதினாள். நான் வாசித்துவிட்டு உருக்கமான மூன்று வரிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திகதிகளைப் போடச் சொன்னேன். ஆறு வாரம் கழித்துப் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மிச்சத்துக்குப் பத்து மாதத் தவணை.

படிப்பு முன்னேற்றம் என்று இன்னொரு அளவுகோலும் உண்டு. எடுத்த அலகுகளில் எத்தனை முடித்தீர்கள் என்று பார்ப்பார்கள். பொதுவாக 67 வீதம் வேண்டும். விலகிய பாடம் எடுத்ததில் சேரும், முடித்ததில் சேராது. முதலாம் ஆண்டுப் பிள்ளை முழுத் தவணையையும் விட்டால் இந்த அளவில் உடனே கீழே விழும். அதற்கும் மேன்முறையீடு உண்டு. அதே வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதி இங்கேயும் வேண்டும், ஆகவே இரண்டு மூன்று பிரதி எடுத்து வையுங்கள்.

எஃப்-1 விசாவில் போன பிள்ளைக்கு

காணி உறுதியை வங்கியில் வைத்து, நகையை அடகு வைத்து அனுப்பிய பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்குச் சமஷ்டி உதவியும் இல்லை, அதைத் திருப்பும் கணக்கும் இல்லை. கல்லூரியின் கட்டணம் திருப்பும் அட்டவணை மட்டுமே. ஆகவே இவர்கள் ஒரு வாரம் தாமதித்தாலும் அந்த இழப்பு நேரே குடும்பத்தின் தலையில் விழுகிறது.

அதைவிட முக்கியம்: விலகும் படிவத்தில் கையெழுத்திடுமுன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். அனுமதியோடு விலகினால் நாட்டை விட்டுப் புறப்பட 15 நாள் கிடைக்கும். அனுமதியில்லாமல் விலகினால் அந்த 15 நாளும் இல்லை, விசா நிலை முறிந்த பதிவு பிற்காலத்தில் துரத்தும். ஐந்து மாதத்துக்குள் திரும்பிப் போய்ப் படிப்பைத் தொடர எண்ணமிருந்தால் அதையும் அந்த அதிகாரியிடம் இப்போதே சொல்லுங்கள். ஐந்து மாதம் கடந்தால் நடைமுறையைப் புதிதாகத் தொடங்க வேண்டிவரும். பிள்ளையின் சொந்த நோய்தான் காரணம் என்றால், வைத்தியரின் சான்றோடு குறைந்த பாடங்களை எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கவும் வழி உண்டு. விமானச் சீட்டு எடுக்குமுன் இதைக் கேட்க வேண்டும்.

கிறீன் கார்ட் உள்ள பிள்ளை படிப்பை விட்டு ஊருக்கு வந்து இருக்க எண்ணினால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே தங்குவதானால், புறப்படுமுன்னரே மீள்நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மருமகள் ஜனவரியில் இரண்டு பாடங்களோடு திரும்பச் சேர்ந்தாள். பதியுமுன் நாட்காட்டியிலிருந்து மூன்று திகதிகளையும் எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். தங்கை இப்போது எழும்பி நடக்கிறாள்.